எனர்ஜி ஈ.ரி.எஃப். வாங்க முன் உள்ளே பாருங்கள்

போன வசந்தத்தில் ஸ்காபரோவிலுள்ள என் அலுவலகத்துக்கு ஓர் ஐயா வந்தார். ட்ரக் ஓடிச் சேர்த்த 20,000 டொலரையும் தன் ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் எக்ஸ்.ஈ.ஜி. வாங்கிப் போட வேண்டும் என்றார். அது ஓர் எனர்ஜி ஈ.ரி.எஃப்.: பல கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்துப் பங்குச் சந்தையில் ஒரே பங்குபோல விற்கும் ஃபண்ட். ஏன் என்று கேட்டேன்.

"என்பிரிட்ஜ் நல்ல டிவிடென்ட் குடுக்கும் தம்பி. அதுவும் இதுக்குள்ளதானே கிடக்கு?"

கிடக்கவில்லை. கணினியை அவர் பக்கம் திருப்பி ஃபண்டின் ஹோல்டிங்ஸ், அதாவது உள்ளே இருக்கும் கம்பனிகளின் பட்டியலைக் காட்டினேன். விரலால் மேலிருந்து கீழே தேடிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

எக்ஸ்.ஈ.ஜி.யில் இருப்பவை எண்ணெயும் இயற்கை வாயுவும் எடுக்கும் கம்பனிகள். என்பிரிட்ஜ், ரி.சி. எனர்ஜி போன்ற குழாய்வழிக் கம்பனிகள் அதில் இல்லை. கனேடியன் நச்சுரல், சன்கோர், செனோவஸ் என்ற மூன்று மட்டுமே ஃபண்டின் பாதிக்கு மேல். ஈ.ரி.எஃப். என்றாலே பணம் பரவலாகிவிடும் என்று நம்பி வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். பி.எம்.ஓ. வங்கியின் இசட்.ஈ.ஓ. என்ற எனர்ஜி ஈ.ரி.எஃப். வேறு மாதிரி: குழாய்க் கம்பனிகளும் உண்டு, எல்லாவற்றுக்கும் சம பங்கு.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. குழாய்க் கம்பனிக்குப் பெரும்பாலும் எண்ணெய் ஓடுவதற்கான கட்டணம்தான் வருமானம். எடுக்கும் கம்பனியோ விலையோடு ஏறி விலையோடு இறங்கும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. அடுத்த சில வாரங்களுக்குள் சன்கோர் பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடென்டைப் பாதிக்கு மேல் வெட்டியது. என்பிரிட்ஜ் அந்த வருடம் வெட்டவில்லை.

அல்பேர்ட்டாவின் கனமான எண்ணெய்க்கு இன்னொரு சுமையும் உண்டு. அது எப்போதும் அமெரிக்க விலையைவிடக் குறைவாகவே விற்கும். வெளியே கொண்டுபோகக் குழாய் போதாமல் 2018 இலையுதிர் காலத்தில் அந்த இடைவெளி பீப்பாய்க்கு 40 அமெரிக்க டொலரைத் தாண்டியது. 2024 மே மாதம் ட்ரான்ஸ் மவுண்டன் விரிவாக்கம் திறந்து, நாளுக்கு 300,000 ஆக இருந்த கொள்ளளவு 890,000 பீப்பாய் ஆனபின் இடைவெளி சுருங்கியது. உலக விலை ஏறியும் உங்கள் ஃபண்ட் தூங்கினால், அல்பேர்ட்டாவின் ஹார்டிஸ்டியில் இந்தக் கனமான எண்ணெய் விற்கும் விலையையும் பாருங்கள்.

ரி.எஃப்.எஸ்.ஏ.யில் நட்டத்தோடு விற்றால் அந்த நட்டத்தை வரியில் கழிக்க முடியாது. அந்தக் கணக்கில் பணம் போட ஒருவருக்கு அனுமதித்த வரம்பில், இழந்த தொகைக்கான இடமும் திரும்பக் கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஐயா வருத்தப்பட்டார். எக்ஸ்.ஐ.சி. போன்ற, எல்லாத் துறைகளும் அடங்கிய கனேடிய ஃபண்ட் ஏற்கெனவே வைத்திருந்தால், அதற்குள்ளும் இதே எண்ணெய்க் கம்பனிகள் கணிசமாக இருக்கின்றன. அதன் கட்டணம் வருடத்துக்கு 10,000 டொலருக்கு 6 டொலரளவு; எக்ஸ்.ஈ.ஜி.க்கு 60 அளவில் வரும்.

கடைசியாக, இந்தக் காசு எப்போது தேவை என்று கேட்டேன். அதில் 12,000 செப்டெம்பரில் மகளின் பல்கலைக்கழகக் கட்டணம். அதை ஓகஸ்டில் முதிரும் ஜி.ஐ.சி. என்ற நிலையான வைப்பில் போட்டோம். 3,000க்கு இசட்.ஈ.ஓ. வாங்கினார். மிச்சத்தைப் பற்றி மனைவியோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பட்டியலை அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார்.