பம்பரத்தை எத்தனை விதமாகக் கலைக்கலாம்?

'கடல்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். இடம் மாற்றிப் போட்டால் கடல், கல்ட, டகல், டல்க, ல்கட, ல்டக என்று ஆறு வரும். மெய்யெழுத்தில் சொல் தொடங்குமா என்று தமிழாசிரியர் முறைக்கலாம். கணக்குக்கு அந்தக் கவலை இல்லை.

ஏன் ஆறு? மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் மூன்றில் எதையும் வைக்கலாம். அடுத்ததற்கு மிச்சம் இரண்டு. கடைசிக்கு மிஞ்சியதுதான். முதலில் எதை வைத்தாலும் அதிலிருந்து இரண்டு கிளை பிரிவதால் கூட்டாமல் பெருக்குகிறோம்: 3 × 2 × 1 = 6. பாடப்புத்தகம் வரிசை மாற்றம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பெருக்கத்தை 3! என்று சுருக்கி எழுதும் வழக்கம் 1808இல் கிறிஸ்டியன் கிராம்ப் என்ற கணித அறிஞர் தொடங்கியது. கணக்கு அதைவிடப் பழையது. பத்துக் கைகளிலும் பத்துப் பொருள் ஏந்திய சிவன், அவற்றைக் கை மாற்றிப் பிடித்தால் எத்தனை உருவம் என்று 1150இலேயே லீலாவதி என்ற தன் கணித நூலில் பாஸ்கரர் கேட்டிருக்கிறார். விடை 10!, அதாவது 36,28,800. நொடிக்கு ஓர் உருவம் என்று இரவு பகலாகப் பார்த்தாலும் சரியாக ஆறு வாரம் ஆகும்.

எட்டுப் பேர் ஓடும் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்கு 8 × 7 × 6 = 336 வழிகள். இதையே 8!/5! என்று எழுதச் சொல்வார்கள். கட்டம் போட்டவருக்கு அந்தச் சூத்திரம் தேவையே இல்லை என்பது என் கட்சி. 0, 1, 2, 3 ஆகியவற்றை ஒருமுறை மட்டும் வைத்து எத்தனை நான்கிலக்க எண்கள் எழுதலாம் என்று கேட்டால், சூத்திரக்காரர் 24 என்பார். முதல் கட்டத்தில் பூஜ்யம் உட்காராது; ஆகவே 3 × 3 × 2 × 1 = 18.

சரி, 'பம்பரம்'? ப, ம், ப, ர, ம் என ஐந்து எழுத்துகள், 5! = 120 என்று எழுதினால் தப்பு. ஒரு 'ப'வைச் சிவப்பு மையிலும் இன்னொன்றை நீல மையிலும் எழுதிப் பாருங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் நிறம்தான் மாறும், சொல் மாறாது. இரண்டு 'ம்'முக்கும் அதே கதை. ஆக ஒவ்வொரு சொல்லையும் நான்கு தடவை எண்ணியிருக்கிறோம். 120 ÷ 4 = 30.

ஒரே எழுத்து மூன்று முறை வந்தால்? பலரும் மூன்றால் வகுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று நிற எழுத்துகள் தங்களுக்குள் ஆறு விதமாக இடம் மாறும், அதனால் ஆறால் வகுக்க வேண்டும். ஆனால் ஐந்து பேர் வட்டமாக உட்காரும்போது 5!ஆல் வகுக்கக் கூடாது. எல்லோரும் ஒரே பக்கமாக ஓர் இடம் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மாறுவதில்லை; அப்படி ஒரே மாதிரி இருப்பவை ஐந்துதான். 120 ÷ 5 = 24.