ஊதா நிறம் கூடினால் ஸ்டெம் செல் கூடியதா?

"இந்த மூலிகைச் சாறு ஸ்டெம் செல்லை வளர்க்கிறது என்று ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்களாமே, வாங்கிச் சாப்பிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாப்பிடுவது அப்புறம். முதலில் அந்த 'நிரூபித்துவிட்டார்கள்' என்ற சொல்லுக்குள் புகுந்து பார்ப்போம்.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்பது பள்ளியிலேயே படித்ததுதான்: தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும், வேறொரு செல்லாகவும் மாறும். மூலிகை ஆய்வுகளில் அடிக்கடி வருவது எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி, பற்கூழ் போன்றவற்றிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள், அதாவது எலும்பு, கொழுப்பு போன்ற திசுச் செல்களாக மாறக்கூடியவை. 96 குழிகள் கொண்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டில் அவற்றை விட்டு, குழிக்கு ஓர் அளவாகச் சாற்றைச் சேர்த்து, ஓரிரு நாள் 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். பிறகு எண்ண வேண்டும். ஒவ்வொரு குழியிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, யார் உட்கார்ந்து எண்ணுவது?

அதற்குத்தான் எம்டிடி. 1983-இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட முறை, இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. எம்டிடி ஒரு மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லுக்குள் அது நுழைந்தால், செல் தன் உணவை எரிக்கும்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை அங்குள்ள நொதிகள் இதன் தலையில் கட்டிவிடும். வாங்கிக்கொண்ட எம்டிடி நீரில் கரையாத ஊதாப் படிகமாகிவிடும், பெயர் ஃபார்மசான். நுண்ணோக்கியில் பார்த்தால் கருநீல ஊசிகளைச் செருகி வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு. அந்தப் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் அளப்பார்கள். செத்த செல்லால் இந்த வேலையைச் செய்ய முடியாது, ஆகவே ஊதா அதிகமென்றால் உயிருள்ள செல்லும் அதிகம் என்பது கணக்கு.

கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், எம்டிடிக்கு வேண்டியது எலக்ட்ரான் மட்டும்தான், கொடுத்தது யார் என்று அது விசாரிப்பதில்லை. மூலிகைச் சாற்றில் நிரம்பியிருப்பதோ ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அதாவது எலக்ட்ரானைத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கும் ஆசாமிகள்! வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டையோ வைட்டமின் சி-யையோ ஒரு செல்கூட இல்லாத குழியில் எம்டிடியோடு கலந்து பாருங்கள், ஊதா வரும். செல் எதுவும் வளரவில்லை, சாறே நேரடியாகச் சாயம் ஏற்றிவிட்டது.

தப்பிக்க வழி உண்டு. செல் இல்லாத குழியிலும் அதே சாற்றை விட்டு ஒப்பிடலாம், எம்டிடி சேர்க்கும் முன் சாற்றைக் கழுவி அகற்றலாம், இல்லையென்றால் செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் புளூ சாயம் போட்டு, உயிருள்ளவற்றை நேராகவே எண்ணிவிடலாம். செலவு அதிகமில்லை, அலுப்புதான். ஆனால் பழைய முடிவைச் சரிபார்க்கிறேன் என்று போய் நின்றால் நிதி கிடைப்பது கஷ்டம், புதிதாக ஒரு செடியின் பெயரோடு போனால் வாய்ப்பு அதிகம். இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் எரிச்சல்.

சரி, ஊதா உண்மையாகவே செல்லிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் செல் எண்ணிக்கை கூடாமல், இருக்கும் செல்லே சுறுசுறுப்பாகியிருக்கலாம். இன்னொரு குழப்பம், ஸ்டெம் செல் எலும்புச் செல்லாக மாறத் தொடங்கினால் அது பொதுவாகப் பிரிந்து பெருகுவது குறையும். எபிமீடியம் என்ற செடியில் உள்ள ஐகாரின், மீசன்கைமல் செல்களை எலும்புப் பக்கம் தள்ளுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது உருமாற்றம், பெருக்கம் வேறு. இரண்டையும் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அளவும் முக்கியம்: துளியளவில் தூண்டிய அதே சாறு கொஞ்சம் கூடினால் செல்லைக் கொன்றுவிடும். இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை அந்தத் தட்டில் அதிக அளவு சாறு விட்ட கடைசி வரிசைக் குழிகளிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது சாப்பிடும் விஷயம். மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் விழுங்கினால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும், அதையும் குடலும் கல்லீரலும் சேர்ந்து குளுக்குரோனிக் அமிலம் போன்றவற்றை ஒட்டி வெளியேற்றத் தயார் செய்துவிடும். தட்டில் செல் மேல் ஊற்றிய மூலக்கூறும் எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும் மூலக்கூறும் பெரும்பாலும் ஒன்றே இல்லை. எனவே அந்த வாசகருக்கு என் பதில்: தட்டில் வந்த முடிவை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர் என்றால், மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.