பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பழைய விமானம் வாங்காதீர்கள்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு பழைய பிசினஸ் விமானம் வாங்குவதைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். ராஜபாளையம், விருதுநகர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து இதுவரை நாலைந்து முதலாளிகள் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். வாங்கியவர் ஒருவர். கடைசி நேரத்தில் தப்பித்தவர் ஒருவர். தப்பித்தவர் கதைதான் இது.

நான் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் லைசென்ஸ் பெற்ற விமானப் பராமரிப்பு இன்ஜினியர். வாங்குகிறவர் சார்பில் விமானத்தைப் பிரித்துப் பார்த்து அறிக்கை கொடுப்பதும் என் வேலை.

மாட்டுத்தாவணி என்றால் இப்போது பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குப் பொருள் மாட்டுச் சந்தை. அப்படிச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பழைய விமானச் சந்தையும் ஏறக்குறைய அப்படித்தான். விளம்பரத்தில் பல நேரம் விலையே இருக்காது, கேட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கும். என்ன விலைக்குக் கைமாறியது என்பது தரகர்களுக்குத்தான் தெரியும்.

தப்பித்த அண்ணாச்சி நூல் மில் வைத்திருப்பவர். லாரி வாங்கி விற்றுப் பழகியவர். கடலோர நகரம் ஒன்றில் நின்ற கிங் ஏர் பி200 என்ற இரட்டை இன்ஜின் புரொப்பெல்லர் விமானம் ஒன்றைத் தரகர் காட்டியிருந்தார். "தம்பி, ஓட்டமே இல்லாத வண்டி. நாலு வருஷமா வருஷத்துக்கு அம்பது மணிதான் பறந்திருக்கு. விலையும் கம்மி" என்றார். எனக்கு அங்கேயே உறுத்தியது. லாரிக்கு ஓட்டம் குறைவு என்றால் நல்லது. கடல் காற்றில் சும்மா நிற்கிற விமானத்துக்கு அது நோய்.

போய்ப் பார்த்தோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டுக்குப் புது லெதர். டாய்லெட் பக்கத்துத் தரைப் பலகையைக் கழற்றச் சொன்னேன். அடியில் அலுமினியத்தின் மேல் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைப் பொடி. பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லச் சுரண்டினால் ஏடு ஏடாக உரிந்தது. அண்ணாச்சி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் இன்ஜின். எரிபொருள் நாசில் ஒன்றைக் கழற்றி அந்தத் துளை வழியாக, உள்ளே பார்க்கும் குழாய்க் கேமராவான போரஸ்கோப்பை விட்டோம். டர்பைன் பிளேடுகளில் கொப்புளம். உப்பும் எரிபொருளில் இருக்கும் கந்தகமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பதை சல்ஃபிடேஷன் என்போம். கடலோரத்தில் நிற்கும் விமானத்துக்கு இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். பராமரிப்பை எழுதிவைக்கும் லாக் புக்கில் எட்டு மாதத்துக்கு வாஷ் பதிவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். பிடி6 என்ற இந்த வகை இன்ஜினை 3,600 மணிக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். இதில் 3,100 ஆகியிருந்தது. அண்ணாச்சி வருஷம் 250 மணி பறக்க நினைத்தார், ஆக இரண்டே வருஷம். அந்தக் கொப்புளம் அதுவரை கூட விடாது. இரண்டு இன்ஜினுக்கும் ஓவர்ஹால் என்றால், இந்த வயது விமானத்தின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். போதாததற்கு லேண்டிங் கியர் ஓவர்ஹால் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, இறக்கை போல்ட் சோதனை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. இவை காலண்டர் கணக்கு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். இரண்டுமே நெருங்கியிருந்தன. "விலை கம்மி" என்பதன் அர்த்தம் இதுதான்.

அடுத்தது காகிதம். ஒரு புரொப்பெல்லரின் பழைய லாக் புக் இல்லை. மாற்றிய ஸ்டார்ட்டர் ஜெனரேட்டருக்கு, விமானத்தில் மாட்டத் தகுந்தது என்று சொல்லும் ரிலீஸ் சர்டிஃபிகேட் இல்லை. நிலம் வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? விமானத்துக்கும் வில்லங்கம் உண்டு. விமானத்தின் மேல் கடன் கொடுத்தவர்களின் உரிமையைக் காக்கும் கேப் டவுன் சர்வதேச ஒப்பந்தத்தில் 2008-இல் இந்தியா சேர்ந்தது. கடன் கொடுத்தவரின் உரிமை அதற்கான சர்வதேசப் பதிவேட்டில் இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பது வக்கீலுக்குச் சின்ன வேலை. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் அட்வான்ஸை விற்பவர் கணக்கில் போடாதீர்கள், கைமாறும் வரை மூன்றாம் ஆள் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் போடுங்கள்.

சந்தை நிலவரம் கேட்பவர்களுக்கு: உலகில் இருக்கும் பிசினஸ் விமானங்களில் எத்தனை சதவீதம் விற்பனைக்கு நிற்கிறது என்பதுதான் நாடி. பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் விற்பவர் கை ஓங்கும் என்பது பழைய கணக்கு. 2021-22இல் அது 3 சதவீதம் அளவுக்கு இறங்கியது, சோதனையே செய்யாமல் வாங்கியவர்கள் உண்டு. பிறகு நிலைமை தளர்ந்தது. விலையை ஆட்டுவது நம் ஊர் தேவை இல்லை, அமெரிக்க வரிச் சட்டம். பழைய விமானமாக இருந்தாலும் முழு விலையையும் முதல் வருஷமே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகையை 2017-இல் கொடுத்தார்கள், 2023-இல் 80, 2024-இல் 60 சதவீதம் என்று குறைத்தார்கள், 2025-இல் திரும்ப நூறாக்கிவிட்டார்கள். வருஷக் கடைசியில் அங்கே கூட்டம் அள்ளும். அந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள் என்பேன்.

வரி நம் பக்கமும் கடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மற்றதற்கு 5. உடனே ஆடிட்டர் யாராவது, வாடகைக்கு விடும் விமானம் என்று காட்டி 5-க்கு இறங்க "சார்ட்டர் பெர்மிட் எடுத்துடலாம்" என்பார். அந்தப் பெர்மிட்டில் இறக்குமதி செய்துவிட்டுக் குடும்பத்தோடு சுற்றினால் சுங்கத்துறை கேள்வி கேட்கும்.

விற்க நினைப்பவருக்கு ஒன்றே ஒன்று. இன்ஜினுக்கு மணிக்கணக்கில் பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் இருந்தால், விற்கிற வரை அதை நிறுத்தாதீர்கள். அதில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கை வாங்குகிறவர் விலையில் கழிப்பார்.

அண்ணாச்சி அன்று ஊருக்குத் திரும்பும்போது அருப்புக்கோட்டை தாண்டித்தான் வாயைத் திறந்தார். "பெயின்ட்டப் பாத்து மயங்கிட்டேன் தம்பி." இன்னமும் விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வாரம் ஒன்று வந்தது. கூடவே தரகருக்கு அவரே அனுப்பிய கேள்வியும் இருந்தது: "வாஷ் ரெக்கார்ட் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க." தரகர் இரண்டு நீலக் குறி போட்டதோடு சரி.