வாக்கியத்தின் கடைசி அசை வரை கேட்கிறதா? காணொலி அறைப் பராமரிப்பு குறித்துச் சில சொற்கள்

மாவட்ட நீதிமன்றம் ஒன்றிலிருந்து, காணொலி வழியே சாட்சியம் பதிவாகிக்கொண்டிருந்தபோது “நெட் சரியில்லை” என்று என்னை அழைத்தார்கள். வேறு ஊரிலிருந்து பேசிய மூதாட்டி ஒருவர், “அவர நான் அன்னைக்குப் பாக்கல” என்று சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் “பாக்க” என்பது வரைதான் கேட்டிருக்கிறது. பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று நீதிபதி மூன்று முறை கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறை கேட்கப்பட்டபோதும் அந்த அம்மாளின் குரல் இன்னும் தாழ்ந்துகொண்டே போனது.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் இறுதியில்தான் வருகிறது. பேசுபவருக்கு மூச்சு குறைந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். ஆகவே கடைசி அசையை விழுங்கும் கருவி, சாட்சியத்தின் பொருளையே தலைகீழாக்கிவிடும். சாட்சி இருந்த அறைக்குச் சென்று பார்த்தபோது இணைப்பில் குறையேதும் இல்லை; தரவு இழப்பு பூஜ்யமாக இருந்தது. மேசை மைக் அவரிடமிருந்து ஏறத்தாழ மூன்று முழ தூரத்தில், ஏசியின் காற்று நேராக வீசும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. இரைச்சலைக் குறைக்கும் வசதி மைக்கிலும் இயங்கியது, மென்பொருளிலும் இயங்கியது. முதல் வடிகட்டி மெலிதாக்கி அனுப்பிய குரலை, இரண்டாவது வடிகட்டி இரைச்சலென்றே கருதி நீக்கிவிட்டது. மென்பொருளில் இருந்ததை நிறுத்தி, மைக்கை ஒரு முழத்துக்குள் கொண்டுவந்து, ஏசியின் காற்றுத் தடுப்பை மேல்நோக்கித் திருப்பியதும் அவர் பேச்சு முழுமையாகக் கேட்டது. தடையில்லாத வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பதால், விலை உயர்ந்த மைக்கைக் காட்டிலும் அருகில் இருக்கும் மைக்கே பயன்தரும்.

காணொலி வழியே சாட்சியம் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 530-ஆவது பிரிவு, விசாரணைகளை மின்னணு முறையில் நடத்த வழிசெய்கிறது. எனவே இந்த அறைகளின் மைக்கும் கேபிளும் இனி நீதி நிர்வாகத்தின் உறுப்புகள். அந்த மதிப்போடுதான் அவற்றைப் பராமரிக்க வேண்டும்.

எதிரொலியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால், பழுது எதிர்முனையில் இருக்கிறது: அங்குள்ள ஸ்பீக்கரின் ஒலி அங்குள்ள மைக்கில் புகுந்து திரும்பி வருகிறது. ஒவ்வோர் இடத்தையும் வரிசையாக மியூட் செய்யச் சொல்லுங்கள். யார் மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ, அவருடைய அறையைத்தான் பார்க்க வேண்டும். அதே அறையில் வேறொருவர் தம் கைபேசியிலும் இணைந்து ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருப்பதே நான் அடிக்கடி காணும் காரணம். டிவியில் ‘சரவுண்ட்’ போன்ற ஒலி அமைப்புகள் இயங்கினாலும் எதிரொலி நீக்கியின் கணக்கு பிசகும். அவற்றை அணைத்துவிடுவது நல்லது.

இணைப்பே காரணமாக இருக்கும் நேரங்களும் உண்டு. அப்போது வேகச் சோதனையில் நொடிக்கு 100 மெகாபிட் காட்டுகிறது என்று நிறைவடைந்துவிடக் கூடாது. பேச்சுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஆனால் அந்தப் பங்கு சீராகவும் தாமதமின்றியும் வந்துசேர வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுவதும், ஃபயர்வால் என்னும் வலையமைப்புப் பாதுகாப்புத் தடுப்பு, தொலைந்த தரவுக்காகக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் யூடிபி போக்குவரத்தைத் தடுக்கிறதா என்று பார்ப்பதும் பல நேரங்களில் தீர்வாகிவிடுகின்றன. தடுக்கப்பட்டால் மென்பொருள் டிசிபி என்னும் வேறொரு அனுப்பும் முறை வழியே போகும். தொலைந்த தரவை அது மறுபடி கேட்டு வாங்குவதற்குள் பேச்சு தேங்கிவிடும்.

படத்தில் கிடைக்கோடுகள் நகர்ந்தால், கேமராவின் மின் அலைவெண் அமைப்பை 60-இலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

ஸ்பீக்கரில் ஓயாத ‘ம்ம்ம்’ ஒலி இருந்தால் எர்த்திங்கைச் சோதித்து, ஒலிக்கருவிகள் அனைத்தையும் ஒரே யூபிஎஸ் இணைப்புக்குக் கொண்டுவாருங்கள். கருவியின் தேதி தவறாக இருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாமல் அழைப்பு இணையாது. கடிகார பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் இதைக் கண்டிருக்கிறேன். மென்பொருள் புதுப்பித்தலை விசாரணை நாளின் காலையில் செய்யாதீர்கள்.

நான் பார்க்கும் அறைகளில் திங்கட்கிழமை காலைதோறும் ஒரு சோதனை அழைப்பு நடக்கிறது. ஊழியர் ஒருவர் சாட்சி அமரும் நாற்காலியிலேயே அமர்ந்து, ஏசியும் மின்விசிறியும் ஓட, தாழ்ந்த குரலில் “தெரியும், தெரியாது, பார்த்தேன், பார்க்கல, சொன்னார், சொல்லல” என்பவற்றை வரிசை மாற்றிச் சொல்வார். எதிர்முனையில் இருப்பவர், திரையைப் பார்க்காமல், காதில் விழுந்ததை எழுதுவார். ஒரு சொல் மாறியிருந்தாலும், அதைச் சரிசெய்து மறுபடி எழுதிப் பார்க்கும் வரை அந்த அறை விசாரணைக்குத் தரப்படுவதில்லை.