நெஞ்செரிச்சல் மாத்திரையை எரியாத நேரத்தில் போடுவது ஏன்?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: “எண்டாஸ்கோப்பி பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் அழற்சி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் பலகாரம் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டுமாம். எனக்கு எரிவதோ ராத்திரி படுத்த பிறகு. எரியாத நேரத்தில் போட்டு என்ன பயன்?”

நியாயமான கேள்வி. சென்ற தை மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், மதியப் பந்தி முடிந்து முகப்பில் சாய்ந்திருந்தவர்களிடையே வெற்றிலைத் தட்டோடு ஒரு மாத்திரை அட்டையும் கைமாறியது. பான்டோபிரசோல், நெஞ்செரிச்சலுக்குப் போடும் மாத்திரை. ஆளுக்கொன்று பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மேலே பன்னீர் சோடாவும் குடித்தார்கள். போட்ட நேரமும் தப்பு, குடித்த சோடாவும் தப்பு.

சோடாவை முதலில் முடித்துவிடுவோம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்திருப்போம். பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. இரைப்பை உப்பினால், அதை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், விழுங்காமலேயே அந்தத் தசை பத்து விநாடிக்கும் மேலாகத் தளர்ந்து திறக்கிறது. காற்றை ஏப்பமாக வெளியேற்ற உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. காற்றோடு அமிலமும் மேலேறினால் எதுக்களிப்பு. ஏற்கெனவே புடைத்த வயிற்றில் சோடாவை ஊற்றுவது, அந்தக் கதவை இன்னும் சில முறை திறந்துவிடுவதுதான்.

இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலம் கவசமாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. பகலில் ஏறிவரும் அமிலத்தைப் புவியீர்ப்பும், விழுங்கும் எச்சிலில் உள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கவனித்துக்கொள்கின்றன. தூக்கத்தில் எச்சில் சுரப்பது பெரும்பாலும் நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அபூர்வம். ஏறிய அமிலம் அங்கேயே தங்கிச் சுவரை அரிக்கிறது. ஆச்சிக்கு ராத்திரியில் எரிவதன் காரணம் இதுதான்.

மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சமையலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. மிளகாயில் உள்ள கேப்சைசினை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு வாங்கி அமிலத்துக்கும் கிளர்ச்சி அடையும். அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. காரம் எரிச்சலைக் கூட்டிக் காட்டும், உண்மை. ஆனால் என் சந்தேகம் கந்தரப்பத்தின் மேலும் மசாலாச் சீயத்தின் மேலும்தான். எண்ணெய்ப் பலகாரம் இரைப்பையை விட்டு எளிதில் இறங்காது, சுருக்குத்தசையையும் தளர்த்தும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் இரைப்பையில் இருக்கும் அமிலத்தைத் தொடுவதே இல்லை. மாத்திரைக்கு மேலே அமிலத்தில் கரையாத பூச்சு போட்டிருப்பார்கள். அது இரைப்பையைக் கடந்து சிறுகுடலில்தான் கரைகிறது. மருந்து அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, ஊரெல்லாம் சுற்றி, இரைப்பைச் சுவருக்குள் இருக்கும் அமிலச் சுரப்புச் செல்லைப் பின்வாசல் வழியாக அடைகிறது.

அந்தச் செல்லுக்குள் மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்கள் உண்டு. அவற்றின் சுவரில் புரோட்டான் பம்புகள். ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவதுதான் ஒவ்வொரு பம்பின் வேலை. இந்த ஹைட்ரஜன் அயனிதான் அமிலத்தை அமிலமாக்குவது. அதை அளக்கும் அளவுகோல் பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். ரத்தத்தின் பிஎச் 7.4. கால்வாய்க்குள் ஏறத்தாழ 1. அதாவது ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அதிகம். உடலில் இத்தனை அமிலம் தேங்கும் இடம் வேறெங்கும் கிடையாது.

மருந்தின் சாமர்த்தியம் இங்கேதான். அது ஒரு வலுக்குறைந்த காரம்; மிளகாய்க் காரம் அல்ல, வேதியியலில் அமிலத்துக்கு எதிரான காரம். ரத்தத்தில் இருக்கும்வரை மின்னூட்டம் இல்லை, அதனால் செல் சவ்வுகளைத் தடையின்றிக் கடக்கிறது. கால்வாய்க்குள் நுழைந்ததும் அங்குள்ள ஹைட்ரஜன் அயனி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறால் சவ்வைத் திரும்பக் கடக்க முடியாது. எலிப்பொறிதான்: உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ரத்தத்தில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு அளவில் மருந்து அங்கே குவிகிறது.

அதோடு முடியவில்லை. வந்து சேர்ந்தது உண்மையில் மருந்தே அல்ல, மருந்தாகப் போகும் பொருள். கடும் அமிலத்தில் மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, கந்தகத்தைத் தேடும் பொருளாகிறது. பம்பில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது, அதுவும் கால்வாயைப் பார்த்தபடி. மருந்தில் உள்ள கந்தகமும் பம்பின் கந்தகமும் பிணைந்ததும் பம்பு நின்றுவிடுகிறது. எந்த அமிலத்தை நிறுத்த வேண்டுமோ அதே அமிலம்தான் மருந்தை உயிர்ப்பிக்கிறது. அமிலம் இல்லாத இடத்தில் அது செயலற்றுத் திரியும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆச்சியின் கேள்விக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. சாப்பிடாத நேரத்தில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் சுருண்டு ஓய்வில் இருக்கும். உணவு வந்தால்தான் கால்வாய்ச் சுவருக்கு வந்து வேலை தொடங்கும். வேலை செய்யும் பம்பை மட்டுமே மருந்தால் பிடிக்க முடியும். மருந்தோ ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெருமளவு மறைந்துவிடுகிறது. ஆகவே பம்புகள் விழிக்கும் வேளையில் மருந்து ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். இரவு முழுக்க வயிறு காய்ந்த பிறகு வரும் காலைப் பலகாரம், மிக அதிகமான பம்புகளை எழுப்பும் வேளை. ஒருமுறை பூட்டிய பம்பு பூட்டியதுதான். மருந்து போய்விட்டாலும், புதுப் பம்புகள் உருவாகும்வரை பலன் நீடிப்பதால் ராத்திரிக்கும் பாதுகாப்பு உண்டு. முதல் நாளே எல்லாப் பம்புகளும் சிக்காது, முழுப்பலன் தெரியச் சில நாள் ஆகும். எரிந்த உடனே தணிய வேண்டுமானால் அதற்கு அமிலத்தை நடுநிலையாக்கும் டானிக் வேறு.

பம்பை அடையாளம் கண்டவர்கள் பன்றியின் இரைப்பைச் சவ்வை வைத்துக்கொண்டு, அயனிகள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஸ்வீடனில் 1979இல் உருவான ஒமிப்ரசோல் 1988இல்தான் விற்பனைக்கு வந்தது. இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்கும் அதிகாரிகள் இன்றும் உண்டு. நமக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. அயனிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது யாரும் உடனடிப் பலனைக் கணக்குப் போட்டிருந்தால் அங்கே இன்னும் பொட்டல்தான் இருந்திருக்கும்.

ஆச்சிக்கு இன்னும் சில. மாத்திரையை இடித்துப் பொடியாக்கக் கூடாது, பூச்சு போய்விடும். அழற்சி ஆறப் பொதுவாக எட்டு வாரம் கொடுப்பார்கள். இடையில் எரிச்சல் நின்றாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால், அடங்கியிருந்த சுரப்பு முன்னைவிடப் பொங்கும், நோய் திரும்பிவிட்டது என்று தோன்றும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

விழுங்கும்போது உணவு அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கி, வியர்த்து, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது ‘வாயு’ அல்ல. சோடா தேடாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். 108.