கை ஓங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம்

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணின் மகனே கத்தியால் குத்தினார். அதன்பிறகு மெட்டல் டிடெக்டர், கூட வருகிறவர்களின் கையில் கட்டும் வண்ணப் பட்டை என்று ஏற்பாடுகள் வந்தன. வேண்டியவைதான். ஆனால் காசுவல்டியில் எங்களுக்கு அன்றாடம் நேர்வது கெட்ட வார்த்தை, சட்டையைப் பிடிப்பது, "வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்ற மிரட்டல். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது நர்சுகளும் பயிற்சி மருத்துவர்களும்தான்.

இந்தக் கோபம் எப்படி ஏறுகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல் வலியில் துடிக்கும் அம்மாவை மகன் அழைத்து வருகிறார். "டாக்டர் எப்ப வருவார் சிஸ்டர்?" என்று முதலில் மரியாதையாகத்தான் கேட்கிறார். "உட்காருங்க, கூப்பிடுறோம்." அப்புறம் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்த முகத்தோடு தானே நடந்து வருகிறார். அவரை உடனே உள்ளே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் மாரடைப்பாக இருக்கலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தைப் பிரிக்கும் முறை எங்களுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் மகனுக்கு என்ன தெரியும்? அம்மா துடிக்கிறாள், நடந்து வந்த ஆள் முந்திவிட்டார், யாரோ சிபாரிசு என்றுதான் தோன்றும்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் உட்கார மாட்டார். குரல் ஏறும், செல்போனில் வீடியோ எடுப்பார். நான் அதிகம் கவனிப்பது, அவர் போன் போட்டு ஆள் கூப்பிடுகிறாரா என்பதை. அப்படி வருகிறவர்கள் நடந்தது எதையும் பார்த்திராதவர்கள், அவர்களிடம் பேசிப் புரியவைப்பது மிகவும் கடினம்.

அதற்கு முன்பே யாராவது அவரிடம் போக வேண்டும். "அம்மாவுக்கு வலி ஊசி போட்டாச்சு. ஸ்கேனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இப்ப உள்ளே போனவருக்கு இதயப் பிரச்சினை, அதான் முதலில் பார்க்கிறோம். எட்டரைக்கு நானே வந்து சொல்றேன்." சொன்னபடி எட்டரைக்கு வர வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். இதற்கென்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவரை ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நர்சே இதையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

மரணச் செய்தியை வராண்டாவில் நின்று சொல்லவே கூடாது. பயிற்சி மருத்துவரைத் தனியாக அனுப்புவதும் தவறு. நின்ற இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வெளியே வந்து நிலைமை மோசம் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு நெருங்கிய சொந்தக்காரர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து, "இறந்துட்டார்" என்று தெளிவாகச் சொல்லி, அவர்கள் அழ நேரம் கொடுக்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் பேச்சை அதே மூச்சில் எடுக்காதீர்கள். கதவுக்குப் பக்கத்து நாற்காலி மருத்துவருக்கு, செக்யூரிட்டி கூப்பிடு தூரத்தில். இவ்வளவு செய்தும் கை நீளலாம் என்பதால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

கை நீண்டுவிட்டால், மருத்துவமனை ஊழியர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: ஜாமீனில் வர முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. மருத்துவமனைத் தலைமையே 6 மணி நேரத்துக்குள் புகார் பதிய வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகமும் உத்தரவிட்டது. அப்படியிருந்தும், நைட் டூட்டி முடித்து, அடி வாங்கிய நர்ஸ் தன் பெயரில் தனியாக ஸ்டேஷனில் நிற்பதையும், "சமாதானமாப் போயிடும்மா" என்று அவரிடமே சொல்லி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். புகார் மருத்துவமனை பெயரில் போக வேண்டும், கூட ஒரு அதிகாரி போக வேண்டும்.

வாய்ச்சண்டையையும் விடாமல் பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், அப்போது டூட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள். சில மாதம் கழித்துப் புரட்டினால், எந்த நேரத்தில் எந்த வாசலில் ஆள் போதவில்லை என்று தெரியும். கூடுதல் ஆள் கேட்டு எழுதும் கடிதத்தோடு அந்தப் பக்கங்களின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.