அடக்கம்: ‘காஸ்ட்’ என்ற சொல்லுக்கு உரிய தமிழ்

கும்பகோணத்துக்கு அருகே, மேசைமேல் வைத்து மாவரைக்கும் கிரைண்டர்களைச் செய்துவந்த ஒரு சிறு பட்டறைக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். கல்லும் மோட்டாரும் கோயம்புத்தூரிலிருந்து வரும். அலுமினிய அடிப்பாகத்தை வெளியே வார்த்து வாங்குவார்கள். மற்ற வேலைகளெல்லாம் பட்டறையிலேயே நடக்கும். ஒரு நாள், கடைக்காரர் ஒருவருக்கு விலை சொல்ல வேண்டியிருந்த அவசரத்தில், முதலாளி தம் தம்பியிடம் “காஸ்டிங் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டார். தம்பி சொன்னது வார்ப்படத்துக்குக் கொடுத்த தொகை. அண்ணன் கேட்டதோ ஒரு கிரைண்டரைச் செய்து முடிக்க ஆகும் தொகை. அது வார்ப்படத்துக்கு மட்டுமான தொகை என்பது தெரியாமல், அதையே முழுத் தொகையாக எடுத்துக்கொண்டு சொன்ன விலை பிழையாகப் போயிற்று. ஆங்கிலத்தில் அவை casting, costing என்ற இரண்டு வேறு சொற்கள். வார்ப்பைக் குறிப்பது, எறிதல் என்னும் பொருளுடைய பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. மற்றது, உடன் நிற்றல் என்னும் பொருளுடைய ‘கான்ஸ்தாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழ்ப் பேச்சில் இரண்டும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. உலோகமும் கணக்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பட்டறையில் ‘காஸ்டிங்’ என்ற சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்வது ஆபத்து என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

‘காஸ்ட்’ என்பதற்குப் பெரும்பாலோர் முதலில் எடுக்கும் தமிழ்ச் சொல் ‘செலவு’. பாடநூல்களும் ‘உற்பத்திச் செலவு’ என்றே எழுதுகின்றன. ‘செல்’ என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பதே பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதை ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் இலக்கணம் சொல்கிறது. வெளியே போவது செலவு, உள்ளே வருவது வரவு என்று கணக்கேட்டில் இரண்டு பத்திகளாக அது பின்னர் அமர்ந்தது. ஆகவே செலவு என்றால் கையைவிட்டுப் போன பணம். இந்தப் பொருள் துல்லியமானது. துல்லியமானது என்பதாலேயே ‘காஸ்ட்’ என்பதற்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை. 6 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய துளையிடும் எந்திரம் இந்த மாதம் தேய்ந்த அளவுக்குக் கையிலிருந்து எந்தப் பணமும் வெளியே போகவில்லை. ஆனாலும் அந்தத் தேய்மானம் இந்த மாதம் செய்த கிரைண்டருக்குள் இருக்கிறது. மறுபுறம், இந்த மாதம் காசு கொடுத்து வாங்கி மூலையில் அடுக்கி வைத்திருக்கும் 50 கற்கள் செலவுதான். ஆனால் இதுவரை செய்து முடித்த எந்தக் கிரைண்டருக்குள்ளும் அவை சேரவில்லை.

‘விலை’ என்பதும் சரிப்படாது. அது ‘வில்’ என்னும் வினையடியாகப் பிறந்தது; விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நிற்பது. இலங்கைத் தமிழர்கள் ‘கிரயம்’ என்பார்கள். அங்கே கணக்கியல் மாணவர்கள் ‘உற்பத்திக் கிரயம்’ என்றே படிக்கிறார்கள். வாங்குதல் என்னும் பொருளுடைய வடசொல் அது. நம் பக்கத்திலோ கிரயம் என்றவுடன் பத்திரப் பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘அசலுக்கே கொடுக்கிறேன்’ என்று கடைகளில் சொல்லும் ‘அசல்’, வேர் என்னும் பொருளுடைய அரபுச் சொல். வாங்கி விற்பவருக்கு அது போதும், செய்து விற்பவருக்குப் போதாது.

செய்து விற்பவருக்கு உரிய சொல் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் விலையைக் குறைத்துக் கேட்டால், “அடக்கமே அவ்வளவு வருதுங்க” என்பார்கள். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அடக்க விலை, விற்ற விலை, குறித்த விலை என்று நாமெல்லோரும் படித்ததும் இச்சொல்லைத்தான். ‘அடங்கு’ என்பது தன்வினை, ‘அடக்கு’ பிறவினை, ‘அடக்கம்’ தொழிற்பெயர். ஒன்றுக்குள் ஒன்று கொள்ளப்பட்டு அமைந்திருத்தல் என்பதே அடிப்படைப் பொருள். புலன்கள் தனக்குள் அமைந்திருப்பதும் அடக்கம், உடலை மண்ணுக்குள் வைப்பதும் அடக்கம், “வண்டி வாடகையும் இதில் அடக்கமா?” என்று கேட்பதும் அடக்கம். பொருளுக்குள் எவையெல்லாம் அடங்கியிருக்கின்றனவோ அவற்றின் கூட்டுத் தொகையே அப்பொருளின் அடக்கம். ‘செலவு’ என்ற சொல் பணம் எங்கே போயிற்று என்று கேட்க வைக்கிறது. ‘அடக்கம்’ என்ற சொல் இதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்க வைக்கிறது. இரண்டாவது கேள்விதான் உற்பத்தியாளர் கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தான் இச்சொல்லை வெறும் மொழிபெயர்ப்பாக அல்லாமல், ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவான சொல்லாகவே நான் கருதுகிறேன்.

என்னென்ன அடங்கும் என்ற கேள்வி டெல்டாவுக்குப் புதியதன்று. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் விவசாயிகள் வாதிடுவது இதைப் பற்றித்தான். விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையம் ஒரே நெல்லுக்குப் பல அடக்கங்களைக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி, எரிபொருள் என்று கையிலிருந்து கொடுத்தவை மட்டும் சேர்ந்தால் ஏ2. அதனோடு குடும்பத்தார் கூலியின்றிப் பாடுபட்ட உழைப்பின் மதிப்பையும் கூட்டினால் ஏ2 உடன் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வரக்கூடிய வாடகையையும் சொந்த முதலுக்கு உரிய வட்டியையும் சேர்த்தால் சி2. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்தி அடக்கத்துக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த 50 விழுக்காட்டை எந்த அடக்கத்தின்மேல் வைப்பது என்பதில்தான் இன்றுவரை வாதம் நீடிக்கிறது. 2018-இல் மத்திய அரசு ஒன்றரை மடங்கு என்று அறிவித்தபோது எடுத்துக்கொண்டது ஏ2 உடன் எஃப்எல் என்ற கணக்கை. விவசாயிகள் கேட்பது சி2-இன்மேல்.

பட்டறை முதலாளிகளில் பலர் தங்களை அறியாமலேயே ஏ2 கணக்கில் நின்றுவிடுகிறார்கள். கொட்டகை சொந்த மனையில் இருக்கிறது, எனவே வாடகை எழுதுவதில்லை. மனைவியார் மாலையில் அமர்ந்து அட்டைப்பெட்டி கட்டுகிறார், அதற்குக் கூலி எழுதுவதில்லை. முதலாளி காலை 8 மணி முதல் இரவு 9 மணி வரை மேற்பார்வை பார்க்கிறார், அவருக்குச் சம்பளம் எழுதுவதில்லை. ஆண்டின் இறுதியில் இலாபம் என்று ஒரு தொகை தெரிகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், அது இரண்டு பேருடைய சம்பளத்தையும் ஒரு வாடகையையும்விடக் குறைவாக இருக்கிறது. நெல்லுக்கு சி2 கேட்கும் அதே குடும்பம் கிரைண்டருக்கு ஏ2 எழுதுவதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அது முழு அடக்கத்தை எல்லா முடிவுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வது. டெல்டாவில் சம்பா அறுவடையாகிப் பணம் புழங்கும் தை மாதம் தொடங்கி வைகாசி வரை கல்யாணச் சீருக்குக் கிரைண்டர் நன்றாகப் போகும். ஆடியில் கடைகள் ஓய்ந்துவிடும். எளிய எண்களால் காட்டுகிறேன். ஒரு கிரைண்டருக்குக் கல், மோட்டார், பாத்திரம், பெல்ட், பெட்டி, எண்ணிக்கைக் கூலி எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மாதச் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம், மின் இணைப்பின் நிலைக்கட்டணம் ஆகியவை மாதத்துக்கு 1,20,000 ரூபாய். பட்டறையில் இவற்றை ‘ஓவர்ஹெட்’ என்பார்கள். தமிழ்க் கணக்கியல் நூல்களில் ‘மேற்செலவு’ என்று இருக்கிறது, அது நல்ல சொல்தான். மாதம் 200 கிரைண்டர் செய்தால் ஒன்றுக்கு 600 ரூபாய் மேற்செலவு சேர்ந்து அடக்கம் 2,900 ஆகும். ஆடியில் 80 மட்டுமே செய்தால் மேற்செலவு ஒன்றுக்கு 1,500 ஆகி, அடக்கம் 3,800 என்று ஏட்டில் நிற்கும். கிரைண்டர் அதேதான், அதற்குள் ஒரு திருகாணிகூடக் கூடவில்லை. இந்த 3,800-ஐப் பார்த்துப் பயந்து விலையை ஏற்றினால் இன்னும் குறைவாக விற்கும், அடக்கம் இன்னும் ஏறும்.

1772-இல் இங்கிலாந்தில் வாணிகம் சரிந்தபோது, மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் தம் தொழிற்சாலைக் கணக்கை உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக் கண்டறிந்ததும் இதுவே: சில செலவுகள், செய்யும் பொருள் கூடினாலும் குறைந்தாலும், கடிகாரம்போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதே ஆடி மாதத்தில் ஒரு நிறுவனம் 100 கிரைண்டர்களை, ஒன்றுக்கு 2,600 ரூபாய் வீதம் கேட்கிறது என்று கொள்வோம். முழு அடக்கத்தோடு ஒப்பிட்டால் நட்டம், மறுத்துவிடத் தோன்றும். ஆனால் அடுத்து செய்யும் ஒவ்வொரு கிரைண்டருக்கும் புதிதாகச் சேரும் தொகை 2,300 மட்டுமே. மீதி 300 வீதம் 30,000 ரூபாய், எப்படியும் கட்டியாக வேண்டிய மேற்செலவின் ஒரு பகுதியைத் தாங்கும். பொருளியல் நூல்களில் இதனை ‘இறுதிநிலைச் செலவு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அச்சொல் பட்டறைக்குள் நுழையாது. ‘அடுத்த ஒன்றின் அடக்கம்’ என்று சொன்னால் பெட்டி கட்டும் பையனுக்கும் விளங்கும். எந்திரமும் ஆட்களும் சும்மா இருக்கும் மாதத்தில் மட்டுமே, அதுவும் வழக்கமான கடைக்காரர்களின் விலையைக் கெடுக்காத இடத்தில் மட்டுமே, இந்த அடக்கத்தை வைத்து முடிவெடுக்கலாம். ஆண்டு முழுவதும் 2,600-க்கு விற்றால், 200 கிரைண்டர் விற்கும் மாதத்திலும் 60,000 ரூபாய் நட்டமாகும்.

இந்த முடிவெடுத்தலுக்கும் டெல்டாவில் ஒரு சொல் இருக்கிறது: ‘கட்டுப்படி’. “அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுங்க” என்று சொல்பவர் அடக்கத்தை மட்டும் சொல்லவில்லை. காலம், கைவசம் உள்ள முதல், ஓய்ந்திருக்கும் ஆள், வருங்கால வாடிக்கை அனைத்தையும் எடைபோட்டுச் சொல்கிறார். அடக்கம் ஓர் எண், கட்டுப்படி ஒரு முடிவு. 2,900 அடக்கமுள்ள பொருள் 2,600-க்குக் கட்டுப்படியாகும் மாதமும் உண்டு, 3,000-க்குக் கட்டுப்படியாகாத மாதமும் உண்டு. ஆங்கிலச் சொல்லை அப்படியே புழங்குகிறவர்கள் ‘காஸ்ட் வரலை’ என்ற ஒரே தொடருக்குள் இந்த இரண்டையும் போட்டுவிடுகிறார்கள்.

“அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்” என்னும் குறள் இங்கே சொல்லாராய்ச்சிக்கும் உதவுகிறது. தொழிலில் போவதை வள்ளுவர் ‘அழிவது’ என்கிறார். இன்றும் ‘செலவழித்தல்’ என்ற கூட்டுச் சொல்லில் அந்தப் பழம்பொருள் தங்கியிருக்கிறது. ‘ஊதியம்’ அங்கே இலாபம்; இன்று அது சம்பளமாகிவிட்டது. ‘சூழ்தல்’ என்பது எல்லாப் பக்கமும் பார்த்து எண்ணுதல். ‘கட்டுப்படி பார்த்தல்’ அதற்கு மிக நெருங்கிய இன்றைய வழக்கு.

வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ‘அடக்கம்’ என்ற சொல் அதிகமாகக் குழம்புகிறது. உதிரிப்பாகங்களுக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளும் பட்டறைக்கு அந்த வரி அடக்கத்தில் சேராது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் முறையில் பதிவுசெய்துள்ள சிறு பட்டறைக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆகவே மோட்டாருக்குக் கொடுத்த வரி முழுவதும் கிரைண்டருக்குள் அடங்கிவிடும். ‘வரி அடக்கம்’ என்று விலைப்பட்டியலில் எழுதுவது வாங்குபவருக்கான குறிப்பு. பட்டறையின் அடக்கம் வேறு. இரண்டும் மயங்காதிருக்கப் பட்டியலில் ‘வரி உட்பட’ என்றே எழுதலாம்.

கூட்டுச் சொற்களையும் பழக்கிக்கொண்டால் எழுத்து வேலை எளிதாகும்: ‘காஸ்டிங்’ என்பதற்கு அடக்கக் கணக்கு, ஒரு மாதிரிக்கான கணக்குத் தாளுக்கு அடக்கத் தாள், மேற்செலவும் சேர்ந்ததற்கு முழு அடக்கம். கும்பகோணத்துப் பட்டறையில் நான் கடைசியாக எழுதிக்கொடுத்த அடக்கத் தாளில், முதலாளியின் சம்பளத்துக்கும் அவர் மனைவியாரின் கூலிக்கும் கொட்டகை வாடகைக்கும் தனித்தனியாக மூன்று வரிகளைச் சேர்த்தோம்.